பாளையத்திலே கழிந்த வாழ்வு



ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரத்தை எத்தனையோ தடவை ஏறிட்டுப் பார்த்திருப்பீர்கள். அந்த மதில்களுக்குள்ளே ஒரு காலத்தில் வெடிமருந்தும் பீரங்கிக் குண்டும் குவிந்து கிடந்தன என்றால் நம்புவீர்களா? நந்தவனத்தில் குதிரைகள் கட்டப்பட்டிருந்தன, மண்டபத் தூண்களின் நடுவே சிப்பாய்கள் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினார்கள் என்றால்? நம் ஊரில் கற்கோட்டை கிடையாது. ஆகையால் கர்நாடக யுத்தம் நடந்த நாட்களில் கோயில் மதிலையே கோட்டையாக வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் சண்டையிட்டார்கள். அவ்வண்ணம் இங்கே வந்து போன வீரர்களில் ஒருவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கான் சாகிப் என்றும், மருதநாயகம் என்றும் பேர் பெற்ற முகம்மது யூசுப் கான் அவர். அவர் போரில் வென்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அவருக்கு வீடு என்று ஒன்று எப்போது அமைந்தது, அது எத்தனை நாள் நிலைத்தது என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்த யுத்தம் எத்தகையது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1749-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் ஆம்பூர்ச் சண்டையில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். பழைய நவாப் குடும்பத்துக்குச் சம்பந்தியான சந்தா சாகிப் ஆற்காட்டைத் தமதென்றார். ஒருவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, மற்றவருக்கு ஆங்கிலக் கும்பினியார் துணை. சரித்திரப் புத்தகங்கள் இதைப் பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த யுத்தமென்று எழுதுகின்றன. உண்மைதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் துப்பாக்கி ஏந்தி முன்வரிசையில் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் நம் நாட்டு மக்களே. ஒரே பாஷை பேசியவர்கள், ஒரே கஞ்சியைக் குடித்தவர்கள். ஒரு வீட்டின் சண்டைக்கு ஊரெல்லாம் பிள்ளைகளைக் கொடுத்தது.

காஞ்சிபுரம் இதில் பட்டபாடு கொஞ்சமல்ல. 1751-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கே கோயிலுக்குள் இருந்த பிரெஞ்சுப் படையைக் கிளைவ் வந்து முற்றுகையிட்டார். உள்ளே ரெவெல், கிளாஸ் என்ற இரு ஆங்கில அதிகாரிகள் கைதிகளாயிருந்தனர். மதிலைச் சுட்டால் இவ்விருவரையும் மதில்மேல் நிறுத்துவோமென்று உள்ளேயிருந்தவர்கள் மிரட்டினார்கள். அவ்விருவரோ தங்கள் உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் சுடும்படி கிளைவுக்குச் சொல்லியனுப்பினார்களாம். சென்னையிலிருந்து பெரிய பீரங்கிகள் வந்து மதிலை இடித்தபின், உள்ளேயிருந்தவர்கள் இரவோடிரவாக வெளியேறினர். 1757-ஆம் ஆண்டிலோ, பிரெஞ்சுப் படை கோயிலைத் தாக்கிப் பிடிக்க இயலாத கோபத்தில் ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று. ஓலைக் கூரைக்குக் கீழே தறிக்குழியும், பாவும், நூலுமாக வாழ்ந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிற ஊரில் படை வந்து இறங்கினால் நெசவு ஏது, பிழைப்பு ஏது?

இனி நம் வீரருக்கு வருவோம். இராமநாதபுரம் சீமையில் பனையூர் என்னும் கிராமத்தில், வேளாளர் குடும்பத்தில், 1725-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர் என்பர். மருதநாயகம் என்பது பெற்றோர் இட்ட பெயர். இளம் பிராயத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, இஸ்லாமிய மதத்தைத் தழுவி, யூசுப் கான் ஆனார். பாண்டிச்சேரியில் ஐரோப்பியரிடம் ஊழியம் பார்த்தார் என்றும், பல பாஷைகள் கற்றார் என்றும் சொல்வார்கள். பிறகு நெல்லூரில் படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார். 1752-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமது சிப்பாய்களுடன் கிளைவின் படையில் சேர்ந்தார். அன்று தொட்டு ஏழெட்டு ஆண்டுகள் கூடாரமே அவருக்குக் கூரை.

அக்காலத்துப் பாளையம் எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். நாம் இப்பொழுது பார்க்கிற பட்டாளம் போலன்று. படையைக் காட்டிலும் அதன் பின்னே வரும் கடைத்தெரு பெரிது. அரிசிக்காரர், புல்லுக்கட்டுக்காரர், கொல்லர், வண்ணார், வட்டிக்குக் கொடுப்பவர், இவர்களோடு சிப்பாய்களின் பெண்டு பிள்ளைகள். லம்பாடிகள் மாட்டுப் பொதிகளில் தானியம் கொண்டுவந்தால் சோறு, வராவிட்டால் பட்டினி. சிப்பாய் தன் சம்பளத்திலேயே அரிசி வாங்கித் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். சம்பளமோ மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். குடும்பத்தைக் கூட்டிவந்தவனுக்கு அவர்களுக்குச் சோறு போடும் கவலை. விட்டுவந்தவனுக்கோ அவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்ற கவலை. வழிப்போக்கர் யாராவது ஊர்ப்பக்கமிருந்து வந்தால் சேதி. ஓலை எழுதத் தெரிந்தவன் நூற்றிலொருவன் இருந்தால் அதிகம். ஆற்காட்டு முற்றுகையின்போது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரருக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்களென்று ஒரு கதை உண்டு. ஆங்கிலேயர் அதைப் பெருமையோடு சொல்லி வந்தார்கள். அந்தக் கஞ்சித் தண்ணீரைக் குடித்தவன் வீட்டில் அன்று என்ன பொங்கிற்று என்று எவரும் எழுதவில்லை.

யூசுப் கானுடைய திறமை வெளிப்பட்டது திருச்சிராப்பள்ளியில். 1752 முதல் 1754 வரை அந்த ஊரைச் சுற்றி ஓயாத சண்டை. அரிசி வரும் வழிகளெல்லாம் அடைபட்டு, ஊர்மக்களில் பெரும்பகுதியார் வீடுகளைப் போட்டுவிட்டு வெளியேறினர். தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் தொண்டைமான் நாட்டிலிருந்தும் மாட்டுப் பொதிகளை இரவில், காட்டு வழியாக, எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிப் பாளையத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அங்கே பெரிய வேலை. அதில் யூசுப் கானுக்கு நிகரில்லை. சேனாதிபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவரை வாய் ஓயாமல் புகழ்ந்தார். 1754-ஆம் ஆண்டில் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவரே தளபதியானார். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

பொறாமையும் உடனே வந்தது. லாரன்சின் துபாஷியாயிருந்த ஒருவர், யூசுப் கான் மைசூராரோடு இரகசியமாகச் சேர்ந்து திருச்சிராப்பள்ளியைக் காட்டிக்கொடுக்கப் போகிறாரென்று தோன்றும்படி ஒரு பொய்க் கடிதத்தைத் தயாரித்து, அது ஆங்கிலேயர் கையில் சிக்கும்படி செய்தார். சில நாள் யூசுப் கானின் உயிர் நூலில் தொங்கிற்று. விசாரணையில் சூது வெளியாயிற்று. துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். துரோகி என்ற பழிக்கு அக்காலத்தில் என்ன விலை என்பதை யூசுப் கான் அன்று நேரிலே கண்டார்.

1756-ஆம் ஆண்டு அவரை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பினார்கள். பாளையக்காரரை அடக்கி வரி வசூலிப்பது வேலை. பூலித்தேவரோடு பல தடவை மோதினார். அச்சண்டைகளை இங்கே விவரிக்கப் புகுந்தால் இந்த இதழ் போதாது. 1758-ஆம் ஆண்டு முடிவில் பிரெஞ்சுச் சேனாதிபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தெற்கேயிருந்து யூசுப் கானைச் சிப்பாய்களோடு வரச்சொல்லி அழைத்தார்கள். வந்தவர் செங்கல்பட்டைப் பிடியாக வைத்துக்கொண்டு, அங்கே தலைமை வகித்த பிரஸ்டன் என்ற ஆங்கில அதிகாரியுடன் சேர்ந்து, லாலியின் படைக்குப் பின்னாலிருந்து ஓயாத தொல்லை கொடுத்தார். 1759 பிப்ரவரி 9-ஆம் தேதி பரங்கிமலையில் கடும் சண்டை நடந்தது. அதற்கடுத்த வாரமே லாலி முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கினார். பிரஸ்டன் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வரும்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த சிப்பாய்களுக்கு நம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் பரதேசம். மாசி, பங்குனி வெயிலில் ஏரி ஏரியாகப் பாளையம் மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கோலத்தில்தான் ஏப்ரல் மாதத்தில் காஞ்சிபுரத்துக்கு வந்தார்கள். கோயில் அப்பொழுது பிரெஞ்சுக்காரர் கையில். உள்ளேயிருந்த சிப்பாய்களுக்குத் தலைவனாயிருந்தவன் முன்பு ஆங்கிலேயரிடம் ஊழியம் பார்த்துப் பின்பு கட்சி மாறியவன். ஆங்கிலப் படை வாசலை உடைத்துப் புகுந்தது. அந்தத் தலைவன் எதிர்ப்பட்ட முதல் அதிகாரியிடம் சரணடைந்தான். அவனை அவர் பின்னுக்குக் கொண்டுபோகும்போது யூசுப் கான் வந்து, கட்சி மாறியவனுக்கு உயிர்ப் பிச்சை கிடையாதென்று வாளை வீசினார். ஒரே வீச்சில் கழுத்து ஏறக்குறையத் துண்டாயிற்று.

இதை மறைத்துவிட்டு அவரை மாவீரர் என்று மட்டும் எழுதுவது எளிது. எனக்கு மனம் வரவில்லை. ஆயுதத்தைக் கீழே போட்டவனைக் கொல்வது எந்த மார்க்கத்திலும் நியாயமாகாது. ஆயினும், வாசகரே, ஐந்தாண்டுகளுக்கு முன் தம் தலைமேல் விழ இருந்த பழி எதுவோ அதே பழியைச் சுமந்த ஒருவன் எதிரே நின்றபோது அவர் உள்ளத்தில் என்ன எழுந்ததோ! கட்சி மாறுவதைப்போல் இழிந்தது வேறில்லை என்று அன்று நம் ஊர்க் கோயில் வாசலில் வாளால் எழுதினார். அந்த எழுத்து பிறகு அவருக்கே திரும்பியது.

அவ்வருஷமே தெற்கே திரும்பினார். அதன் பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் அவர் வாழ்வில் ஒரு நிழல் மரம் போன்றவை. மதுரையிலிருந்து ஆண்டார். பாழான ஏரி குளங்களைச் செப்பனிட்டார். நெசவாளருக்கும் வியாபாரிகளுக்கும் ஆதரவு தந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பறிபோன மானியங்களை மீட்டுக் கொடுத்தார். நீதி செலுத்துவதில் ஆள் பார்க்கமாட்டார், சொன்ன சொல் மாறமாட்டார் என்று பிற்காலத்தில் அந்தச் சீமைக்கு வந்த ஆங்கிலத் தளபதி புல்லர்ட்டனே எழுதியிருக்கிறார். தூக்கிலிட்டவர்களின் கூட்டத்தாரே சொல்லும் புகழ்ச்சியை நம்பலாமல்லவா?

இக்காலத்தையொட்டித்தான் அவருக்குக் கல்யாணமும் ஆயிற்று. மணப்பெண் போர்த்துக்கீசியர் வழியில் வந்த சட்டைக்காரக் குடும்பத்துக் கிறிஸ்தவப் பெண். மார்சியா என்று பெயர், நம்மவர் வாயில் அது மாசா ஆயிற்று. வேளாளராய்ப் பிறந்து முஸ்லிமான கணவர், கிறிஸ்தவ மனைவி, ஆளுவதோ மீனாட்சியின் நகரம். இத்திருமணம் எந்த முறைப்படி நடந்தது, அது சரியா என்று நம்மில் சிலர் கேட்பார்கள். அதை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு மகன் பிறந்தான். சிறுவயதில் வீட்டை விட்டோடி, ஏரிக்கரையிலும் பாறையடியிலும் படுத்துறங்கிய மனிதருக்கு, முப்பத்தைந்து வயதுக்கு மேல், மாலையில் திரும்பிவர ஒரு வாசலும், அந்த வாசலில் தவழ ஒரு குழந்தையும் கிடைத்தன.

அது நிலைக்கவில்லை. காரணம் பெரும்பாலும் பணம். நவாப் முகம்மது அலி கும்பினிக்குக் கழுத்தளவு கடன்பட்டவர். மதுரையும் திருநெல்வேலியும் தம் சொத்து, யூசுப் கான் தம் ஊழியக்காரர் என்றார். யூசுப் கானோ தம்மைக் கும்பினியின் ஆளாகவே எண்ணினார். ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் தருகிறேன், இன்னும் நாலு வருஷம் குத்தகையாக விடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். நவாபுக்குக் கீழ்ப்படியச் சொன்னார்கள். அவர் படையைப் பெருக்கினார், பிரெஞ்சுக்காரரைச் சேர்த்துக்கொண்டார், 1763-இல் அவர்கள் கொடியையே ஏற்றினார். காஞ்சிபுரத்தில் எந்தக் குற்றத்துக்காக ஒருவன் தலையை வாங்கினாரோ அதே குற்றவாளியாகத் தாமே நின்றார். தம்மைத் தள்ளியவர்கள் அவர்கள்தான் என்பது அவருடைய வழக்கு. அதிலும் நியாயம் இல்லாமலில்லை.

1763 செப்டம்பரில் மான்சன் தலைமையில் வந்த படை மதுரையைச் சுற்றியது. நோயும் மழையும் வாட்டவே நவம்பரில் திரும்பிப் போயிற்று. அடுத்த ஆண்டு சார்லஸ் காம்பெல் தலைமையில் மறுபடியும் வந்தார்கள். 1764 ஜூன் 26-ஆம் தேதி மதிலின்மேல் பெருந்தாக்குதல் நடந்தது. உள்ளேயிருந்தவர்கள் அதை முறியடித்தார்கள். அன்று மரணகாயம் பட்டு விழுந்தவர்களில் ஒருவர் யாரென்று நினைக்கிறீர்கள்? செங்கல்பட்டில் யூசுப் கானோடு தோளோடு தோள் நின்ற அதே பிரஸ்டன். ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்து ஒன்றாய்ப் படை நடத்தியவர்கள், ஐந்து ஆண்டு கழித்து ஒரு மதிலுக்கு இப்பாலும் அப்பாலுமாக நின்றார்கள். சென்னைப் படைக்கு அப்போது தலைவராயிருந்தவர் யார்? யூசுப் கானை வாய் ஓயாமல் புகழ்ந்த லாரன்ஸ். மதுரைப் பாளையத்தில் காயம்பட்டோரும் நோயுற்றோரும் கிடந்த கிடையைக் கண்டு பணிவிடை செய்ய, திருச்சிராப்பள்ளியிலிருந்து லுத்தரன் போதகர் ஸ்வார்ட்ஸ் போயிருந்தார். நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆனாலும் இதைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது.

தாக்கிப் பிடிக்க முடியாதென்று கண்டபின், காம்பெல் ஊருக்குள் ஒரு மணி தானியமும் போகாதபடி வழிகளை அடைத்தார். திருச்சிராப்பள்ளியில் அடைபட்ட ஊருக்கு அரிசி கொண்டுவந்து பேரெடுத்தவர், இப்போது அடைபட்ட ஊருக்குள்ளே உட்கார்ந்து, தம் சிப்பாய்கள் மெலிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் இரவில் மதில் தாண்டி ஓடினர். வெறும் வீரராயிருந்தால் அவரும் ஒரு குதிரையேறி எப்படியாவது தப்பியிருப்பார், அதில் அவர் கைதேர்ந்தவர். ஆனால் இம்முறை அரண்மனைக்குள்ளே ஒரு பெண்ணும், மூன்று வயதுகூட நிரம்பியிராத ஒரு பிள்ளையும் இருந்தனர். அவர் போகவில்லை. அதற்கு இதுதான் காரணமென்று நான் சாதிக்க வரவில்லை. ஒரு தகப்பன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றுகிறது.

சுற்றியிருந்தவர்கள் மனம் மாறினர். பிரெஞ்சுத் தலைவன் மார்ஷாந்தோடு வாய்ச்சண்டை முற்றி, யூசுப் கான் அவனைச் சவுக்கால் அடித்துவிட்டாராம். கோபக்காரர், அது அவர் குறை. மார்ஷாந்து, திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபா சாகிப் மூவரும் கூடிச் சதி செய்தனர். 1764 அக்டோபர் 13-ஆம் தேதி அவர் தொழுகையில் இருந்த வேளையில் மேலே விழுந்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள். சத்தம் கேட்டு மாசா அரண்மனைக் காவலரைத் திரட்டிக்கொண்டு ஓடிவந்தாள் என்று சொல்லப்படுகிறது. கணவரை மீட்க முடியவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் அவர்களை மடக்கிவிட்டார்கள். அந்த ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். நாயகன் பெரிய தளபதி. அவருக்காகக் கடைசியில் சண்டைக்கு வந்தது படையல்ல, வீட்டுக்காரி.

ஆங்கிலேயர் பாளையத்துக்கு அவரைக் கொண்டுபோனார்கள். ஏரியும் பாறையும் மாறினாலும் பாளையம் எங்கும் ஒன்றுதானே! அதே கூடாரங்கள், அதே அடுப்புப் புகை, அதே சிப்பாய்கள். அவர்களில் சிலர் அவரிடமே துப்பாக்கி பிடிக்கக் கற்றவர்களாயிருந்திருப்பர். அங்கிருந்து பார்த்தால் மதுரைக் கோபுரங்கள் தெரியும். அவற்றின் நிழலில் எங்கோ மனைவியும் குழந்தையும். 1764 அக்டோபர் 15-ஆம் தேதி, நவாபின் ஆணைப்படி, சம்மட்டிபுரத்தில் அவரைத் தூக்கிலிட்டனர். கயிறு அறுந்து மறுபடியும் ஏற்றினார்களென்று ஊரார் சொல்வதுண்டு. செத்தபின்னும் அச்சம் விடவில்லை. உடலைத் துண்டித்துத் தலையைத் திருச்சிராப்பள்ளிக்கும், கைகளைப் பாளையங்கோட்டைக்கும், கால்களைத் தஞ்சாவூருக்கும் பெரியகுளத்துக்குமாக அனுப்பினார்கள் என்பது வழிவழியாக வந்த செய்தி. அந்தக் குழந்தை பெரியவனாகித் தகப்பனுக்கு ஒரு விளக்கேற்ற வேண்டுமானால் எத்தனை ஊருக்கு நடந்திருக்க வேண்டும்!

நாட்டுப்புறத்தார் அவரை மறக்கவில்லை. கான் சாகிபு சண்டை என்ற கதைப்பாடலைக் கட்டிப் பாடினார்கள். சம்மட்டிபுரத்தில் உடல் புதைந்த இடத்தின்மேல் 1808-ஆம் ஆண்டில் ஷேக் இமாம் என்பவர் தொழுமிடம் ஒன்று கட்டினார். கான் சாகிப் பள்ளிவாசல் என்று அதற்குப் பெயர். மதுரைக்குப் போகிற நம் பங்கு மக்கள் விரும்பினால் பார்த்து வரலாம். ஊருக்குள்ளே கான்சாமேட்டுத் தெரு என்றொரு தெருவும், கான்பாளையம் என்றொரு பகுதியும் உண்டு. பாளையம் என்று பெயர் இருந்தாலும் அங்கே இப்போது கூடாரம் ஒன்றும் கிடையாது. வரிசையாக வீடுகள், வாசல்தோறும் கோலம்.